படுத்துக்கோ கண்ணு

கண்டக்டரம்மாவின் குரலுக்கு ஒரு காலத்தில் பஸ்ஸே அடங்கும். பின்படியில் தொங்குகிறவனை உள்ளே இழுக்கவும், முன்சீட்டில் காலை நீட்டித் தூங்குகிறவனை நிமிர்ந்து உட்கார வைக்கவும் அவளுக்குக் கை தேவைப்பட்டதில்லை, தொண்டை போதும். அந்தத் தொண்டைக்குக் காற்று கொடுத்த நுரையீரல்தான் இப்போது தழும்பேறி, வெயிலில் கிடந்த செருப்புத் தோல் மாதிரி விறைத்துவிட்டது. ஏன் வந்தது என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியவில்லை. வந்துவிட்டது, இனிப் போகாது, வேறு நுரையீரல் வைத்தால் பிழைக்கலாம். அவ்வளவுதான் அவர்களால் சொல்ல முடிந்தது.

வேறு நுரையீரல் என்றால் கடையில் தொங்குகிற சாமானா? எங்கோ ஒருவர் சாக வேண்டும், அவர் ரத்தமும் நம் ரத்தமும் ஒத்துப்போக வேண்டும், அவர் நெஞ்சளவும் நம் நெஞ்சளவும் ஒன்றாக இருக்க வேண்டும். எந்த நிமிஷமும் அழைப்பு வரலாம் என்பதால் காத்திருக்கிறவர்கள் ஆஸ்பத்திரிக்கு எதிரிலேயே தங்க வேண்டும் என்று விதி. அதற்கென்று ஒரு மூன்று மாடி விடுதி இருந்தது. அறைக்கு இரண்டு கட்டில், இரண்டு ஆக்சிஜன் மெஷின், ஒரு ஜன்னல். சமையல் கட்டும் வெந்நீரும் தரைத்தளத்தில். லிஃப்ட் என்று ஒன்று இருந்தது. அது ஓடியதைப் பார்த்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை என்பது அங்கே பழைய ஜோக். இலவு காத்த கிளிகள் என்று தங்களைத் தாங்களே சொல்லிக்கொண்டு, விடுதிக்குக் 'கிளிக்கூண்டு' என்று பெயரும் வைத்திருந்தார்கள்.

கண்டக்டரம்மா சேர்ந்த அன்றே பெரிய டாக்டர் அவளை உட்கார வைத்து விஷயத்தைப் புட்டுப் புட்டு வைத்தார்.

"மாசா மாசம் உங்களை ஆறு நிமிஷம் நடக்க விடுவோம்மா. எவ்வளவு தூரம் நடக்கிறீங்கங்கிறதுதான் கணக்கு. அதுல ரெண்டு கோடு இருக்கு. மேல் கோட்டைத் தாண்டி நடந்தீங்கன்னா உங்க நுரையீரலே இன்னும் கொஞ்ச நாள் ஓடும், இப்போ அறுக்க வேண்டாம்னு அர்த்தம். கீழ் கோட்டுக்கும் கீழ போயிட்டீங்கன்னா உடம்பு ஆபரேஷனைத் தாங்காது. ரெண்டுக்கும் நடுவுல இருக்கிறவங்களுக்குத்தான் செய்வோம்."

"அப்போ ரொம்ப நல்லாவும் இருக்கக் கூடாது, ரொம்ப மோசமாவும் இருக்கக் கூடாது."

"அதேதான்."

"எங்க டிப்போ மேனேஜரும் இப்படித்தான் டாக்டர் சொல்லுவார். சீக்கிரமும் வராதே, லேட்டாவும் வராதேன்னு."

டாக்டர் சிரித்தார். கண்டக்டரம்மா அன்றைக்கு நடந்த தூரம் இரண்டு கோட்டுக்கும் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தது. அவள் ரத்த வகையில், அவள் மாதிரிக் குள்ளமான உடம்புக்காரர்களில், முதல் இடம் அவளுக்குத்தான்.

டீச்சர் வரும் வரைக்கும்.

டீச்சர் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவள். முப்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை. ஏழு வயதில் ஒரு பெண் குழந்தை. அது டீச்சரின் அம்மா வீட்டில் இருந்தது. புருஷன் எலக்ட்ரீஷியன், தூரத்து ஊரில் வேலை, லீவு கிடைக்கும்போது ஓடி வருவான். பக்கத்துக் கட்டிலில் அவள் பெட்டியை வைத்துவிட்டு, மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டு, "அக்கா, நான் தூங்கும்போது குறட்டை விடுவேன், கோவிச்சுக்காதீங்க" என்று சொன்ன விதத்திலேயே கண்டக்டரம்மாவுக்கு அவளைப் பிடித்துப் போனது. பிடித்துப் போனது என்பது பொய்யில்லை. அதையும் சொல்லியாக வேண்டும்.

முதல் வாரம் இருவரும் விடாமல் பேசினார்கள். பேச மூச்சு போதாதபோது ஒருத்தி பாதி சொல்ல மற்றவள் மீதியை முடித்தாள். சட்டைகூட ஒரே அளவு. துவைத்த துணி மாறிப்போனால் யாருக்கும் தெரியாது. ஊசி போட வந்த நர்ஸ்தான் விளையாட்டாகச் சொன்னாள்: "ரத்தமும் ஒண்ணு, சைஸும் ஒண்ணு. ஒரே நுரையீரலுக்கு ரெண்டு பேர் காத்திருக்கீங்க, சக்களத்தி மாதிரி!"

டீச்சர் சிரித்தாள். கண்டக்டரம்மாவும் சிரித்தாள். மறுநாள் காலையில் பெரிய டாக்டர் அறையின் வாசலில் போய் நின்றாள்.

"டாக்டர், நான் நாலு மாசமா முதல் ஆளா இருக்கேன். இப்பவும் நான்தானே முதல்?"

"இங்க வந்த வரிசை கிடையாதும்மா. யாருக்கு அவசரமோ அவங்கதான் முதல். டீச்சர் உங்களைவிடக் கம்மியாத்தான் நடக்குறாங்க, ஆக்சிஜனும் சீக்கிரம் இறங்குது. அவங்களுக்கு அடுத்தது நீங்க."

அடுத்தது. இருபத்தெட்டு வருஷ வேலையில், வரிசையில் நின்றவனைத்தான் முதலில் ஏற்றினாள் அவள். பாய்ந்து வந்து முண்டியடித்தவனைப் படியிலேயே மறித்து இறக்கிவிட்டிருக்கிறாள். இப்போது நேற்று வந்தவள் முன்படியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள், அதுவும் 'அக்கா, அக்கா' என்று கூப்பிட்டுக்கொண்டே. மாடிப்படி ஏறும்போது கண்டக்டரம்மாவுக்கு மூச்சு வாங்கியதைவிட வயிறு எரிந்ததுதான் அதிகம்.

அன்று அவள் ஒன்றும் செய்யவில்லை. செய்ய வேண்டும் என்று நினைக்கவுமில்லை. டீச்சர் குளித்துவிட்டு வந்து கட்டிலைப் பிடித்துக்கொண்டு இரைத்ததைப் பார்த்து, "நீ எழுந்திருக்காதே, தண்ணி நான் எடுத்துத் தரேன், படுத்துக்கோ கண்ணு" என்றாள், யாரும் சொல்வதைப் போலத்தான். டீச்சர் படுத்தாள், தூங்கினாள். மறுநாள் காலை அவளுக்கு முதல் நடைப்பயிற்சி வகுப்பு; அதற்கும் எழுந்திருக்காமல் தூங்கினாள். கண்டக்டரம்மா தனியாகப் போனாள்.

வகுப்பு எடுத்தவருக்குக் கிளிக்கூண்டில் 'நடை மாஸ்டர்' என்று பெயர். மாதா மாதம் சோதனை வைப்பவரும் அவர்தான். ஆள் ஒல்லி, பேச்சு அதைவிடக் காய்ந்தது. அன்று அவர் சொன்னதை அவள் வாழ்நாளில் மறக்கவில்லை.

"உங்களுக்கு எதிரி நுரையீரல் இல்லை, கட்டில். ஒரு வாரம் படுத்துக் கிடந்தா தொடைச் சதை கரைஞ்சிடும். மூச்சு வாங்கினா நில்லுங்க, வாங்குங்க, திரும்ப நடங்க. கால் போச்சுன்னா ஆபரேஷனும் போச்சு. உங்களைப் பாவம்னு சொல்லிப் படுக்க வைக்கிறவங்கதான் உங்களைக் கொல்றவங்க. எழுதி வச்சுக்கோங்க."

அவள் எழுதி வைக்கவில்லை. அறைக்குத் திரும்பினபோது டீச்சர் கண்ணைக் கசக்கிக்கொண்டு கேட்டாள்.

"என்ன அக்கா சொன்னாங்க? என்னைத் தேடினாங்களா?"

சில்லறை இல்லை என்று பயணியிடம் சொல்வதற்குக் கண்டக்டர் யோசிப்பாரா? பையில் கை போகும் முன்னால் வாயில் வந்துவிடும். அப்படித்தான் வந்தது.

"உன்னை மாதிரி அவசரக் கேஸுக்கு வகுப்பு வேண்டாமாம். இருக்கிற மூச்சைச் சேர்த்து வைக்கணுமாம், ஆபரேஷனுக்கு. செலவழிக்கக் கூடாதாம்."

"அப்பாடா!" என்றாள் டீச்சர். "எங்க போனாலும் நட நடன்னு உயிரை வாங்குவாங்க. இவராவது புரிஞ்சுக்கிட்டாரே."

"அதான் நான் இருக்கேனே. உனக்கு என்ன வேணுமோ என்கிட்ட கேளு."

கீழே போய், மாஸ்டரிடம், "டீச்சருக்குக் காய்ச்சல் சார், இன்னும் விடலை" என்று சொன்னபோதும் நாக்கு குழறவில்லை. அவருக்கு நாற்பது பேர் வகுப்பில். சரி என்று தலையாட்டினார்.

அதற்கப்புறம் கண்டக்டரம்மா செய்த பணிவிடையைப் பார்த்துக் கிளிக்கூண்டே மூக்கில் விரல் வைத்தது. வெந்நீர், பால், ரொட்டி, மாத்திரை, துவைத்த துணி எல்லாம் கட்டிலுக்கே வந்தன. சிறிய ஆக்சிஜன் சிலிண்டரை, பழைய டிக்கெட் பை தொங்கிய அதே தோளில் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு படியாக நின்று நின்று அவள் ஏறி இறங்கினாள். டீச்சருடைய மெஷினின் நீளக் குழாய் குளியலறை வரைக்கும் எட்டும். "தடுக்கி விழுந்துடுவே" என்று அதைச் சுருட்டிக் கட்டிலோடு கட்டி வைத்தாள். கட்டிலுக்கு அடியில் பெட்பேன் வந்தது. டீச்சர் வெட்கப்பட்டாள். "அக்காகிட்ட என்னடி வெட்கம்?" என்றதும் அழுதேவிட்டாள்.

லீவில் வந்த புருஷன் வாசலிலேயே நின்றுவிட்டான். தலையணை உயர்த்தி, முடி பின்னி, போர்வை மடித்து, மனைவி ராணி மாதிரிப் படுத்திருக்கிறாள். அவன் கண்டக்டரம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"சொந்த அக்கா இருந்தாக்கூட இப்படிப் பார்க்க மாட்டாங்க. நான் என்ன கைம்மாறு செய்யப் போறேன்னு தெரியலை."

"போங்க தம்பி, பெரிய கைம்மாறு. நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா அவ பார்க்க மாட்டாளா?"

சாயங்காலங்களில் அவள் டீச்சரின் காலைப் பிடித்துவிட்டாள். வந்த புதிதில் கெண்டைக்காலைச் சுற்றிப் பிடித்தால் அவள் விரல்கள் ஒன்றையொன்று தொடாது. இரண்டு வாரத்தில் நுனி தொட்டது. மூன்றாவது வாரம் ஒரு விரல் மேல் இன்னொரு விரல் ஏறியது. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு, "சொர்க்கம் அக்கா" என்பாள். கண்டக்டரம்மா இன்னும் கொஞ்சம் அழுத்தி, எலும்பைத் தடவிப் பார்த்துக்கொள்வாள்.

மனசாட்சியே இல்லையா என்று கேட்டால், இருந்தது. ஒருநாள் வீடியோ போனில் அந்தக் குழந்தை, "அம்மா, நீ எப்பப் பார்த்தாலும் ஏன் படுத்தே இருக்கே?" என்று கேட்டது. டீச்சர், "அம்மா மூச்சைச் சேர்த்து வைக்கிறேன்டா தங்கம், உண்டியல்ல காசு போடுற மாதிரி" என்றாள். கண்டக்டரம்மா எழுந்து ஜன்னலுக்குப் போய்விட்டாள். கீழே தெருவில் ஒருவன் சைக்கிள் டயரைக் கழற்றி ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். அவன் அதை மாட்டி, காற்றடித்து, ஓட்டிக்கொண்டு போகும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பி வந்து, "பால் ஆறிடும், குடி" என்றாள்.

சோதனை நாள் வந்தது. ஆஸ்பத்திரியின் பின்கட்டில் நீளமான நடைகூடம்; இந்தக் கோடிக்கு ஒன்றும் அந்தக் கோடிக்கு ஒன்றுமாக இரண்டு ஆரஞ்சுக் கூம்புகள்; சுவரோரம் பெஞ்சில் காத்திருப்பவர்கள். மாஸ்டர் விரலில் கிளிப்பை மாட்டி, கடிகாரத்தை அமுக்கி, நடப்பவருக்கு ஒரு அடி பின்னாலேயே வருவார். முன்னால் போனால் இழுத்த மாதிரி ஆகிவிடும், அதனால் பின்னால்தான் வர வேண்டும். நிமிஷத்துக்கு ஒரு தரம், யாராக இருந்தாலும், "நல்லா நடக்குறீங்க, இன்னும் இத்தனை நிமிஷம் இருக்கு" என்று ஒரே ராகத்தில் சொல்வார். வேறு ஒரு வார்த்தை வராது.

டீச்சர் சக்கர நாற்காலியிலிருந்து எழுந்தபோதே முழங்கால் ஆடியது. முதல் கூம்பைச் சுற்றி வந்தாள். இரண்டாவதைச் சுற்றும்போது சுவரைப் பிடித்தாள். "நல்லா நடக்குறீங்க" என்றார் மாஸ்டர். மூன்றாவது சுற்றில் அவள் மெல்லச் சரிந்து தரையில் உட்கார்ந்தாள். கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது. யாரும் தூக்கவில்லை; நடப்பவரே போதும் என்று சொன்னாலொழிய, நேரம் முடியும் வரைக்கும் காத்திருக்க வேண்டும் என்பது விதி. டீச்சர் எழுந்திருக்க முயன்றாள். கை ஊன்றி, முட்டி போட்டு, மறுபடி உட்கார்ந்தாள். பெஞ்சில் இருந்தவர்கள் தங்கள் தங்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டார்கள்.

"மூச்சு இல்லை சார் பிரச்சனை," என்றாள் அவள் ஆச்சரியத்தோடு. "காலு... காலே இல்லாத மாதிரி இருக்கு."

பெரிய டாக்டர் வந்து பார்த்தார். கீழ்க் கோட்டுக்கு வெகு கீழே. "இந்த உடம்போட மேஜையில படுத்தா எழுந்திருக்க மாட்டீங்கம்மா. பெயரை இப்போதைக்கு எடுத்து வைக்கிறோம். தேறி வாங்க, மறுபடி சேர்ப்போம்." சொல்லும்போது அவர் டீச்சரின் முகத்தைப் பார்க்கவில்லை.

மாஸ்டருக்குத்தான் கோபம். "வகுப்புக்கு ஒரு நாளாவது வந்திருக்கலாமே? தினமும் காய்ச்சல் காய்ச்சல்னு இந்தம்மா வந்து சொல்லிட்டே இருந்தாங்க. அப்படி என்ன விடாத காய்ச்சல்?"

டீச்சர் தலையைத் திருப்பினாள். நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்ற கண்டக்டரம்மாவைப் பார்த்தாள். ரொம்ப நேரம் இல்லை, ஒரு மூச்சு நேரம்.

"ஆமா சார்," என்றாள். "விடாத காய்ச்சல்."

அன்றிரவு கண்டக்டரம்மாவுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. டீச்சர் புரிந்துகொண்டாளா, இல்லை எதையோ உளறினாளா? ஆனால் அடுத்த நாள் அவளுக்கே சோதனை. அந்த யோசனை இந்த யோசனையைத் தின்றுவிட்டது.

கீழ்க் கோடு என்றால் என்ன என்பதைக் கண்ணால் பார்த்த மறுநாள் அல்லவா? தரையில் உட்கார்ந்த அந்த உருவம்தான் அவள் கண்முன்னால் நின்றது. என்ன ஆனாலும் நாம் அப்படி விழுந்துவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள். கூம்புகள் வந்தன, போயின. கால்கள் தாமே போயின. மாஸ்டர் கடிகாரத்தை நிறுத்தியபோது அவருடைய காய்ந்த முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பைப் பார்த்தாள்.

பெரிய டாக்டர் கைகொடுத்தார். "அபாரம்மா! போன மாசத்தைவிட எவ்வளவு கூடுதல் தெரியுமா? என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யலையே டாக்டர்."

"பொய். டீச்சருக்காக நாள் முழுக்க மாடிப்படி ஏறி இறங்குனீங்களாமே, நர்ஸ் சொன்னாங்க. அதான் மருந்து! இப்ப நீங்க மேல் கோட்டைத் தாண்டிட்டீங்க. உங்களுக்கு இப்போ ஆபரேஷன் வேண்டியதே இல்லை. புண்ணியம் பண்ணினதுக்குக் கை மேல பலன்."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். கண்டக்டரம்மா வாயைத் திறந்தாள். பஸ்ஸை அடக்கிய தொண்டையில் காற்றுதான் வந்தது.

அந்த வாரமே அவர்கள் ரத்த வகையில் ஒரு நுரையீரல் வந்தது. குள்ளமான உடம்புக்கு ஏற்றது. மூன்றாம் மாடியில் புதிதாகச் சேர்ந்திருந்த மளிகைக்கடைக்காரரைக் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள். பட்டப்பகலில், ஒரு பையும் எடுக்காமல், செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு அவர் போனதை எல்லோரும் ஜன்னலில் நின்று பார்த்தார்கள். டீச்சர் கட்டிலிலிருந்து கேட்டாள்: "யாருக்கு அக்கா?"

"மளிகைக்காரருக்கு."

"ஓ," என்றாள் டீச்சர். பிறகு கொஞ்சம் சிரித்த மாதிரி இருந்தது. இருமலாகவும் இருக்கலாம்.

கண்டக்டரம்மா மறு சோதனை கேட்டாள். அன்றைக்கு ஏதோ ஒரு வேகம், உண்மையில் தனக்கு முடியவில்லை என்று நச்சரித்து நச்சரித்து, கடைசியில் மாஸ்டர் ஒப்புக்கொண்டார். பெஞ்சு நிறைய ஆள். இந்தத் தடவை அவள் பக்குவமாக நடந்தாள். வலது காலை இழுத்தாள். ஒவ்வொரு கூம்பிலும் நின்று நெஞ்சைப் பிடித்தாள். சுவரில் சாய்ந்து கண்ணை மூடினாள். மாஸ்டர், "நல்லா நடக்குறீங்க, இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே பின்னால் வந்தார். முடிந்ததும் அவள் விரலிலிருந்த கிளிப்பைக் கழற்றி அவள் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"மூச்சு வாங்குறீங்க, சரி. நெஞ்சு ஏன் அடிச்சுக்கலை? ஆக்சிஜன் ஏன் இறங்கலை? கண்டக்டரம்மா, டிக்கெட் எடுக்காம ஏறினவங்க எத்தனை பேரைப் பிடிச்சிருப்பீங்க? நானும் அந்த வேலைதான் பார்க்கிறேன்."

பெஞ்சில் ஒருவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்தால் இருமல் வரும் கூட்டம் அது. சிரிப்பும் இருமலுமாகக் கூடம் முழுக்க அதிர்ந்தது. அவள் நேராக, காலை இழுக்காமல், கடைசி வரைக்கும் நடந்து வெளியே போனாள்.

அவசரமில்லாதவர்களுக்குக் கிளிக்கூண்டில் இடமில்லை. வீட்டுக்குப் போய் மூன்று மாதத்துக்கு ஒரு தரம் வந்து காட்டினால் போதும் என்றார்கள். அவள் மகள் ஒரு துணிக்கடையில் வேலை பார்ப்பவள். அம்மாவைக் கூட்டிப்போகச் சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தாள். கண்டக்டரம்மா துணியை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தபோது டீச்சர் கேட்டாள்.

"எங்க அக்கா கிளம்புறீங்க?"

"வீட்டுக்குத்தான். சொன்னேனே."

"போக மாட்டீங்க."

கண்டக்டரம்மா திரும்பிப் பார்த்தாள். டீச்சர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"எனக்குக் காய்ச்சலே வரலை அக்கா. ஒரு நாள்கூட வரலை."

பெட்டியின் மூடி கையிலிருந்து நழுவி மூடிக்கொண்டது.

"அன்னைக்கே ஏன் சொல்லலை?" என்றாள் கண்டக்டரம்மா.

"சொல்லியிருந்தா உங்களை வெளிய அனுப்பியிருப்பாங்க. அப்புறம் எனக்கு யார் பெட்பேன் எடுக்கிறது? அவருக்கு லீவு இல்லை. அம்மா குழந்தையைப் பார்க்கணும்."

"இப்பவும் ஒண்ணும் போயிடலை. எழுந்திரு. நான் பிடிச்சுக்கிறேன். தினம் கொஞ்சம் கொஞ்சமா..."

"நீங்க கீழ போற நேரமா பார்த்து நடந்து பார்த்தேன் அக்கா. சோதனைக்கு மறுநாள்ல இருந்தே. கட்டில் முனை வரைக்கும்தான் வருது. நேத்து அதுவும் வரலை." அவள் குரலில் கோபம் இல்லை, வகுப்பில் ஒரு பிள்ளைக்கு விளங்கவில்லை என்றால் இன்னொரு தரம் சொல்கிற பொறுமைதான் இருந்தது. "அவர்கிட்ட நான் சொல்ல மாட்டேன். சொன்னா அவர் உங்களைக் கொன்னுட்டு ஜெயிலுக்குப் போயிடுவார், என் பொண்ணுக்கு ரெண்டு பேரும் இல்லாமப் போயிடும். நீங்க இங்கயே இருந்து என்னைப் பாருங்க. கடைசி வரைக்கும்."

சனிக்கிழமை வந்த மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "உனக்கே முடியாது, இதுல அடுத்தவங்களுக்கு ஊழியமா? பைத்தியமா அம்மா உனக்கு?" டீச்சரின் புருஷனோ காலில் விழாத குறை. தேறினால் மறுபடி சேர வேண்டிய நோயாளி என்று டீச்சருக்கும், கூட இருந்து பார்ப்பவர் என்று கண்டக்டரம்மாவுக்கும் தங்க அனுமதி வாங்கிக்கொடுத்ததும் அவன்தான்.

அதற்குப் பிறகு டீச்சர் வாயால் கூப்பிடுவதை நிறுத்தினாள். எவர்சில்வர் டம்ளரை ஸ்பூனால் தட்டுவாள். டீ கொண்டுவந்தால் ஒரு வாய் குடித்துவிட்டு, "ஆறிப்போச்சு" என்பாள். கண்டக்டரம்மா படி இறங்கிப் போய்ச் சூடு பண்ணிக்கொண்டு வருவாள். "இப்போ ரொம்பச் சுடுது. பச்சைத்தண்ணி வேணும்." மறுபடி இறங்குவாள். தலையணை உயரம், ஜன்னல் திரை, கால்மாட்டில் எறும்பு, எல்லாவற்றுக்கும் டம்ளர் ஒலித்தது. புருஷன் வரும் நாட்களில் மட்டும், "அக்கா மாதிரி யாருங்க இருப்பாங்க" என்று கண்டக்டரம்மாவின் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொள்வாள்.

ஒருநாள் கண்டக்டரம்மா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மேலே டம்ளர் தட்டிக்கொண்டே இருந்தது. போகாவிட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. டீச்சர்தான் புருஷனிடம் சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டாளே. ஆனால் எழுந்து போனாள். ஏன் போனாள் என்று பிற்பாடு பல தடவை யோசித்தும் அவளுக்கே விளங்கவில்லை. பயமா, பச்சாதாபமா, இருபத்தெட்டு வருஷம் மணி அடித்தால் எழுந்த பழக்கமா? மேலே போனபோது டீச்சர், "ஒண்ணும் வேணாம் அக்கா, வர்றீங்களான்னு பார்த்தேன்" என்றாள்.

மழைக்காலத்தில் டீச்சருக்குச் சளி பிடித்தது. இந்தத் தடவை உண்மையாகவே காய்ச்சல். கிளிக்கூண்டிலிருந்து ஆஸ்பத்திரிப் படுக்கைக்கு மாற்றினார்கள். மூக்குக் குழாய் போய் முகமூடி வந்தது. மூன்றாவது நாள் முற்பகலில் முகமூடியை விலக்கச் சொல்லிச் சைகை காட்டினாள்.

"என் பொண்ணு... வாராவாரம் உங்களுக்கு போன் பண்ணுவா. சொல்லி வச்சிருக்கேன். நீங்க எடுக்கணும்."

"எடுக்கிறேன். என்ன பேசணும் அவகிட்ட?"

"அவளே கேப்பா."

கண்டக்டரம்மா குனிந்து, அவள் காதருகில் ஏதோ சொல்ல வந்தாள். மன்னிச்சுக்கோ என்பதுதான். டீச்சர் முகமூடியைத் தானே இழுத்து மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். மறுநாள் பொழுது விடியும் முன் போய்விட்டாள். புருஷன் கண்டக்டரம்மாவின் தோளில் சாய்ந்து தேம்பித் தேம்பி அழுதான். அவன் பாரம் முழுவதையும் தாங்கிக்கொண்டு அவளால் அசையாமல் நிற்க முடிந்தது. கால்கள் அவ்வளவு உறுதியாக இருந்தன.

கண்டக்டரம்மா தன் மகள் வீட்டுக்குப் போனாள்; அது இரண்டாம் மாடியில். முதல் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் அடித்தது.

"பெரியம்மா, இன்னிக்கு நடந்தீங்களா?"

"நடந்தேன்டா."

"எவ்வளவு தூரம்?"

"கடைத்தெரு வரைக்கும்."

"நின்னு நின்னு நடந்தீங்களா, நிக்காமயா? மூச்சு வாங்கினா நின்னு வாங்கிட்டுத் திரும்ப நடக்கணும். படுக்கவே கூடாதாம். அம்மா என்னைப் பார்த்துக்கச் சொல்லியிருக்காங்க உங்களை."

"சரிடா."

அந்தப் பக்கம் ஏதோ கொறிக்கும் சத்தம். பிறகு, பாடத்தில் சந்தேகம் கேட்பது போலக் குழந்தை கேட்டது: "பெரியம்மா, உங்களுக்கு இதெல்லாம் தெரியும்ல? அப்புறம் எங்கம்மாவை ஏன் நீங்க நடக்கக் கூட்டிட்டுப் போகலை?"

கண்டக்டரம்மா போனைக் காதிலிருந்து எடுத்தாள், திரும்ப வைத்தாள்.

"தெரியலைடா."

"சரி. யோசிச்சு வைங்க. அடுத்த வாரம் கேக்குறேன்."

பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாவம், குழந்தைக்கு உன் மேல என்ன பாசம் பாரு" என்றாள்.

அடுத்த வாரம் கேட்டது. அதற்கடுத்த வாரமும் கேட்டது. மூன்று மாதம் கழித்துச் சோதனைக்குப் போனபோது கண்டக்டரம்மா இன்னும் கூடுதலாக நடந்தாள். "இப்படியே போனா நீங்க இன்னும் பல வருஷம் இருப்பீங்கம்மா" என்று பெரிய டாக்டர் சந்தோஷமாகச் சொன்னார். அவள் தலையை ஆட்டிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, பஸ்ஸுக்கு நிற்காமல் வீடு வரைக்கும் நடந்தே போனாள். அன்று ஞாயிற்றுக்கிழமை இல்லை. ஆனாலும் வழியெல்லாம் பதில் யோசித்துக்கொண்டே போனாள்.